புரட்டாசிக் கெளுத்தி

அந்தக் கறுப்பு விதைக்கு இரண்டு வருடமாகப் பெயர் இல்லை.

ஜெயசீலியின் குறிப்பேட்டில் அது 'அடையாளம் தெரியாத விதை, செப்டம்பர்' என்று மட்டும் இருந்தது. ஒரு கெளுத்தி மீனின் இரைப்பையிலிருந்து எடுத்த மற்ற சங்கதிகளோடு, ஃபார்மலின் ஊற்றிய சின்னப் புட்டியின் அடியில் கிடந்தது. ஆய்வேட்டை ஒப்படைக்கப் பன்னிரண்டே நாட்கள் இருந்த ஒரு ஜூன் மாதப் பிற்பகலில், தாம்பரத்தில் உள்ள கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில், டாக்டர் திரிபுரசுந்தரி அந்த விதையைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கிக்குள் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

"ஜெயசீலி, நீங்க வீட்ல சமைப்பீங்கதானே?"

"என்ன மேடம் கேள்வி இது?"

"வந்து பாருங்க."

ஜெயசீலி வந்து பார்த்தாள். இதற்கு முன்னால் ஐம்பது தடவை பார்த்த அதே விதை. உருண்டை. ஒரு பக்கம் பிளந்திருந்தது. உள்ளே மஞ்சள்.

"கடுகு," என்றார் திரிபுரசுந்தரி. "சும்மா கடுகு இல்லை. எண்ணெயில போட்டு வெடிச்ச கடுகு. பக்கத்துல துண்டு துண்டா இருக்கே, அது கடலைப்பருப்பு. ஓரம் சிவக்க வறுத்திருக்கா. கூடவே சோறு. எனக்குத் தெரிஞ்சு இது புளியோதரை."

ஜெயசீலிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது போய்விட்டது. இரண்டு வருடமாக ஆற்றங்கரைச் செடிகளின் விதைப் படங்களையெல்லாம் புரட்டியிருக்கிறாள். தன் வீட்டு அஞ்சறைப்பெட்டியை ஒரு தடவை திறந்து பார்க்கவில்லை.

ஜெயசீலிக்கு நாற்பத்து மூன்று வயது. கீழ்க்கட்டளையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. பள்ளிக்கூட வேலையையும் பார்த்துக்கொண்டு பகுதி நேரமாக எட்டு வருடம் இழுத்த முனைவர் பட்டம் இது. அடையாற்றின் மேல்பகுதியில், முடிச்சூர்ப் பக்கம், கெளுத்தி மீன்கள் எந்த மாதம் வளர்கின்றன, எந்த மாதம் கொழுக்கின்றன, எந்த மாதம் இளைக்கின்றன என்பதுதான் ஆய்வு. இருபத்து நான்கு மாதம், மாதம் முப்பது மீன். ஒவ்வொன்றையும் அளந்து, நிறுத்து, அறுத்துப் பார்த்திருந்தாள். இன்ன நீளத்துக்கு இன்ன எடை என்று ஒரு கணக்கு உண்டு. மீனின் உண்மையான எடையை அதால் வகுத்து வரும் விடை ஒன்றைத் தாண்டினால் மீன் செழிப்பாக இருக்கிறது. ஒன்றுக்குக் கீழே போனால் வாடியிருக்கிறது.

மே மாதத்தில் ஆறு குட்டை குட்டையாக வற்றிக் கிடக்கும்போது 0.81. கோடை மழை விழுந்து, ஜூலை தாண்டி, ஆகஸ்டில் 0.96. செப்டம்பரில் ஒரே தாவாக 1.12. அக்டோபர் கடைசியில் மழை தொடங்கி மீன் முட்டையிட ஆரம்பித்ததும் இறக்கம். நவம்பரில் 0.84. இரண்டு வருடமும் இதே வடிவம்.

அந்த செப்டம்பர் உச்சம்தான் ஆய்வேட்டின் முதுகெலும்பு. மழைக்கு ஒரு மாதம் முன்பே இந்த மீன் உடம்பைத் தேற்றிக்கொள்கிறது என்று அவளும் திரிபுரசுந்தரியும் சேர்ந்து எழுதிய கட்டுரை போன வருடமே ஓர் ஆய்விதழில் வெளியாகியிருந்தது.

"இது ஒண்ணும் பிரச்சினை இல்லை," என்றார் திரிபுரசுந்தரி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. இந்த மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு. ஜெயசீலி அவருடைய கடைசி மாணவி. "ஆத்தோரத்துல ஏதாவது பெருமாள் கோயில் இருக்கும். சனிக்கிழமைப் பிரசாதம். தின்னுட்டுத் தொன்னையைத் தண்ணியில வீசறது நம்ம ஜனங்களுக்குப் பழக்கம். மீன் சாப்பிட்டிருக்கு. மனுஷன் போட்ட உணவுன்னு ஒரு பத்தி சேர்த்துடுங்க. இன்னும் கனமாயிடும் ஆய்வேடு."

"சரி மேடம்."

சரி என்று சொல்லிவிட்டாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து, தண்ணீர் லாரி ஒன்றின் பின்னால் பல்லாவரம் வரை ஊர்ந்தாள். கோவிலம்பாக்கத்தில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது மனசுக்குள் ஒரு முள் ஏறியிருந்தது.

அந்த மீன்களின் வயிற்றில் முட்டை இல்லை.

*

"புளியோதரை தின்ன கெளுத்தியா?" என்றான் ஆபேல். அவள் கணவன், இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு அவன் பொறுப்பு என்பதால், மீன் விஷயத்தில் தனக்கும் ஒரு டாக்டர் பட்டம் வர வேண்டும் என்று அடிக்கடி சொல்வான். "அதைக் குழம்பு வெச்சா புளி போடவே தேவையில்லை சீலி."

"விளையாடாதீங்க. ஆகஸ்ட்ல பார்த்தேன், வயித்துல முட்டை திரள ஆரம்பிச்சிருந்தது. அடுத்த மாசம் இன்னும் பெருசாகியிருக்கணும். ஆனா செப்டம்பர் மீன்ல முட்டை கரைஞ்சு போயிருக்கு. உடம்பு மட்டும் கொழுத்திருக்கு. மழை வரப்போற நேரத்துல எந்த மீனாவது அப்படிச் செய்யுமா?"

"நீ என்ன எழுதின அதுக்கு?"

"ஆறு கெட்டுப்போனதால இருக்கலாம்னு எழுதினேன்."

"ஆறு வாய் திறக்காதுன்னு எல்லாப் பழியும் அதுமேல." ஆபேல் மிளகாய்த்தூள் டப்பாவை மூடினான். "செப்டம்பர்னா புரட்டாசிதானே. நமக்கு ஜாலியான மாசம். மார்க்கெட்ல ஈ ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. வஞ்சிரத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பாங்க."

ஜெயசீலி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

புரட்டாசி. மீன் வாங்க ஆள் இல்லை. வாங்க ஆள் இல்லாத மாதத்தில் மீன் பிடிப்பவன் ஆற்றில் ஏன் இறங்குகிறான்?

கைப்பேசியை எடுத்தாள். ஒவ்வொரு மாதமும் கடைசி சனிக்கிழமை, அரைநாள் பள்ளி முடிந்து மூன்று மணிக்கு, முடிச்சூரில், மீன் பிடித்துத் தரும் சிட்டிபாபுவின் வீட்டு வாசலில் மீன் தட்டை வைத்து ஒரு படம் எடுப்பது அவள் வழக்கம். ஆதாரத்துக்காக. இருபத்து நான்கு படங்கள். இதுவரை அவள் தட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். இப்போது தட்டுக்குப் பின்னால் பார்த்தாள்.

பின்னால் ஒரு முருங்கை மரம். மரத்தில் வீச்சு வலை. ஜனவரியில் வலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிப்ரவரியில் சொட்டியது. மரத்தடி மண் எல்லா மாதமும் ஈரமாக இருந்தது.

செப்டம்பர் படத்தில் மண் வெளுத்துக் கிடந்தது. வலை நான்காக மடிக்கப்பட்டு, மேலே மஞ்சள் துணி சுற்றிக் கிளையில் தொங்கியது.

இரண்டு செப்டம்பரிலும்.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "அந்த மீனை ஆத்துல பிடிக்கவே இல்லை."

*

மறுநாள் பள்ளி விட்டதும் நேராக முடிச்சூருக்கு விட்டாள். வழியெல்லாம் ஒரு கோபத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். எங்கேயோ பண்ணையில் வாங்கிக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறான் என்பது அவள் தீர்மானம். எட்டு வருடம். அதில் இரண்டு வருடம் மாதம் தவறாமல் வெயிலில் வந்து நின்றவளை.

சிட்டிபாபு வாசலில் உட்கார்ந்து தெர்மாகோல் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் வயதுதான் இருக்கும். மீன் பிடிக்காத நாளில் பெயிண்ட் அடிக்கப் போவான்.

"வா டீச்சர். இன்னா, மாசக் கடைசி இன்னும் வர்லியே. மீனு இல்லாம சும்மாவே வந்துகினியா?"

"சிட்டிபாபு அண்ணா, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும். புரட்டாசியில நீங்க ஆத்துல இறங்குவீங்களா?"

"புரட்டாசில எப்டி எறங்குவேன்?" அவன் குரலில் ஆச்சரியம்தான் இருந்தது, பயம் எதுவும் இல்லை. "வெள்ளம் வந்த வருசம் மூணு நாளு மொட்ட மாடில கெடந்தோம். நானு, இவ, ரெண்டு புள்ளைங்க. கீழ வூடு முழுசா தண்ணி. பெருமாளே, கீழ எறக்கி வுட்டுடு, இனிமே உன் மாசத்துல வலயத் தொட மாட்டேன்னு வேண்டிக்கினேன். அன்னிலேர்ந்து தொட்றதில்ல. இந்தக் கரைல வலை வெச்சிக்கீற மத்த ரெண்டு பேரும் எறங்க மாட்டாங்க. யாரு வாங்குவா?"

"அப்போ எனக்கு செப்டம்பர்ல கொடுத்த மீன்?"

"அதுவா." அவன் எழுந்தான். "வா, காட்றேன்."

வீட்டுப் பின்பக்கம். துணி துவைக்கிற கல். அதன் பக்கத்தில் ஒரு நீல நிற டிரம், இடுப்பளவு உயரம். சிமெண்ட் தரையில் உரசி உரசி அடி வெளுத்திருந்தது.

"ஆவணி முடியறதுக்குள்ள முப்பது நாப்பது உருப்படி புடிச்சி இதுல வுட்ருவேன். கெளுத்தி எதுலயும் கெடக்கும். நீ வர்ற அன்னிக்கி எடுத்து ஐஸ்ல வெச்சிடுவேன். ஒண்ணு ரெண்டு செத்துப் போவும். அதான் நாப்பதா வுட்றது."

ஜெயசீலி டிரம்மைத் தொட்டுப் பார்த்தாள். செப்டம்பர் மீன்களின் மீசை நுனி தேய்ந்திருப்பதாக அவள் எழுதிய குறிப்பு ஞாபகம் வந்தது. 'கற்பாங்கான இடத்தில் மேய்வதால்' என்று காரணமும் எழுதியிருந்தாள்.

"என்ன போட்டீங்க சாப்பிட?"

பதில் சமையலறை ஜன்னலிலிருந்து வந்தது. சிட்டிபாபுவின் மனைவி செல்லியம்மாள், பாத்திரம் தேய்த்தபடி. "நான்தான் டீச்சரம்மா போடுவேன். காலைல சோறு, கோழிக் குடலு. சனிக்கெழம கவிச்சி ஆகாது பாரு, அன்னிக்கி பெருமாளுக்குப் படைச்ச புளிசோறு. நல்லா முழுங்கும். படிப்புக்குப் போற மீனு, வாடிப்போயி கொடுத்தா நல்லாவா இருக்கும்?"

ஒத்திகை பார்த்த கோபத்தை எங்கே வைப்பது என்று ஜெயசீலிக்குத் தெரியவில்லை.

"ஏன் அண்ணா என்கிட்ட சொல்லலை?"

"நீதானே சொன்ன? மொத நாளு, இதே எடத்துல நின்னுகினு. ஒரு மாசம் வுட்டுப்போச்சுன்னாலும் மொத்தப் படிப்பும் போச்சு, எப்டியாவது மீனு குடுத்துடுங்கோன்ன. வுட்டுடக் கூடாதேன்னுதான் இவ்ளோ பேஜாரு."

சொன்னாள்தான். அந்த வாசகம் அவளுக்கே கேட்டது.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். எது எப்போது இளைக்கிறது, எப்போது தேறுகிறது என்பதுதான் தன் படிப்பு. டிரம்மில் சோறு தின்ற மீன் ஆற்றின் கதையைச் சொல்லாது. அந்த இரண்டு மாதமும் பொய். அதை வைத்து எழுதியதும் பொய். சிட்டிபாபு கேட்டுக்கொண்டே நின்றான். கையிலிருந்த ஈரம் காய்ந்து போயிற்று.

"எளச்ச மீனுதான் வோணும்னு ஒரு வார்த்த சொல்லிர்க்கலாம்ல," என்றாள் ஜன்னலில் செல்லியம்மாள்.

"இளைச்சதோ கொழுத்ததோ, இருக்கிற மீன் வேணும்க்கா. அதைச் சொல்லணும்னு எனக்குத் தோணலை."

பிறகு சிட்டிபாபு வீட்டுப் பக்கம் பார்க்காமல் சொன்னான்.

"இந்த வருசம் எறங்கிடறேன் டீச்சர். பெருமாளுக்குத் தெரியாதா? படிப்புக்குத்தான்னு சொல்லிக்கிறேன்."

ஜன்னலில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

பன்னிரண்டு நாளில் பதினொன்று மீதி. இந்த வருடப் புரட்டாசி வர இன்னும் மூன்று மாதம். இறங்கினாலும் இறங்காவிட்டாலும் இந்தக் கெடுவுக்கு உதவாது. ஜெயசீலிக்கு அந்தக் கணக்கு தெரியும். ஆனால் அவள் வேண்டாம் என்றது அந்தக் கணக்கால் இல்லை. நின்றுபோன அந்தப் பாத்திரச் சத்தத்தால்.

"வேணாம் அண்ணா. உங்க மாசம் உங்களுக்கு."

பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது.

*

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார் திரிபுரசுந்தரி.

"நம்ம ரெண்டு பேர். சிட்டிபாபு, அவர் சம்சாரம். என் வீட்டுக்காரர்."

"ஆய்வேட்டைப் படிக்கப்போற யாருக்கும் தெரியாது."

"தெரியாது மேடம்."

ஆய்வகத்தில் மின்விசிறி சுற்றியது. வெளியே மின்சார ரயில் ஒன்று தாம்பரத்தை விட்டு நகர்கிற சத்தம் கேட்டது. மேஜை மேல் ஜெயசீலி தட்டச்சு செய்து கொண்டுவந்த கடிதம் இருந்தது. ஆய்விதழுக்கு: எங்கள் கட்டுரையில் செப்டம்பர் மாத மாதிரிகள் ஆற்றிலிருந்து நேரடியாகப் பெறப்பட்டவை அல்ல என்று இப்போது அறிகிறோம், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். கீழே இரண்டு பெயர்கள். ஒன்றின் மேல் மட்டும் கையெழுத்து இருந்தது.

"முப்பத்து நாலு வருஷம் சர்வீஸ்," என்றார் திரிபுரசுந்தரி. "கடைசி மாசத்துல வாபஸ் கடிதம். வழியனுப்பு விழாவுல மாலையோட இதையும் சேர்த்துப் போடுவா." அவர் குரல் உயரவில்லை. "ரெண்டு செப்டம்பரையும் எடுத்துடுங்க. ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் நடுவுல புள்ளிக்கோடு போட்டு இணைச்சுடலாம். தவறிப்போன மாதம்னு ஒரு வரி. பொய்யும் இல்லை. பத்து நாள்ல முடிச்சுடலாம்."

"அந்த மாசம்தான் மேடம் முட்டை பெருசாகிற மாசம். அதைத் தாண்டிக் கோடு போட்டா, நான் எட்டு வருஷமா எதைப் பார்த்தேன்?"

"இந்த மாசம் விட்டா நான் கிடையாது, தெரியுமில்லையோ? புது வழிகாட்டி, புதுக் கமிட்டி. அவா தலைப்பையே மாத்துன்னு சொல்லலாம். டிசம்பரோட உங்க பதிவும் முடிஞ்சு போறது. அப்புறம் எட்டு வருஷமும் காத்துல போகும்."

"தெரியும் மேடம். நீங்க மனசு வெச்சா ஓய்வுக்கு அப்புறமும் டிசம்பர் வரைக்கும் வழிகாட்டியா இருக்கலாம். விதியில இடம் இருக்கு."

"என் பொண்ணு சுப்ரஜா பெங்களூர்ல ரூம் ஒழிச்சு வெச்சிருக்கா. ஜூலை மூணாம் தேதி டிக்கெட்."

கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. மகள் வீட்டுக்குப் போகிற ஒருவரை எந்த உரிமையில் பிடித்து வைப்பது?

திரிபுரசுந்தரி கடிதத்தை மறுபடி படித்தார். மூன்றாவது தடவை. அவருடைய உதட்டோரம் மெல்ல இழுத்துக்கொண்டது. சிரிப்பா எரிச்சலா என்று முதலில் தெரியவில்லை.

"நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து புரட்டாசி சனிக்கிழமை தவறாம பெருமாளுக்குத் தளிகை போடறவ. அந்த மாசம் ஊர்ல பாதிப் பேர் கவுச்சி தொட மாட்டான்னு எனக்குத் தெரியாதா? ஆனா உங்க அட்டவணையில செப்டம்பர்னு பார்த்தப்போ ஒரு தடவைகூடத் தோணலை. மீன் எங்க வீட்டு வாசலுக்கு எந்த மாசமும் வரதில்லை. அதனால இந்த ஒரு மாசம் வராதுங்கறது கண்ணுலயே படலை."

"எங்க வீட்டுக்கு எல்லா மாசமும் வரும் மேடம். அதனால எனக்கும் படலை."

"நல்ல ஜோடி," என்றார் திரிபுரசுந்தரி. பேனாவை எடுத்தார். கடிதத்தில் 'என்று இப்போது அறிகிறோம்' என்பதை அடித்து 'என்பதைக் கவனிக்கத் தவறினோம்' என்று திருத்தினார். பிறகு நீளமாகக் கையெழுத்துப் போட்டார்.

"டிக்கெட்டை சுப்ரஜாவே ரத்து பண்ணட்டும். அவதானே போட்டா. நான் போன்ல சொல்லிக்கறேன்." பேனாவை மூடினார். "அது சரி, புரட்டாசியில யாரும் இறங்க மாட்டான்னு நீங்களே சொல்றேள். மீனை யார் பிடிப்பா?"

"யாருக்கு அந்த வேண்டுதல் இல்லையோ, அவங்க."

திரிபுரசுந்தரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வலை வீசத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. ஜூலை, ஆகஸ்ட் இருக்கு மேடம்."

*

ஜூலையில் வீச்சு வலை அவள் கையிலிருந்து சுருட்டிய பாய் மாதிரி விழுந்தது. ஆகஸ்டில் பாதி விரிந்த குடையாக. சிட்டிபாபு தன் வலையின் கண் அளவிலேயே, அவள் உயரத்துக்குத் தக்கபடி, ஒரு புது வலை முடிந்து கொடுத்திருந்தான். சாயங்காலங்களில் அதைப் பள்ளி மைதானத்தில் வீசிப் பழகினாள். "டீச்சர், யாரப் புடிக்கப் போறீங்க? லேட்டா வர்ற பசங்களையா?" என்று காவலாளி கேட்டார். வீட்டில் ஆபேல் மொட்டை மாடியில் மீன் மாதிரி நின்று கொடுத்தான். இரண்டு தடவை சிக்கினான். மூன்றாவது தடவை, இதுவரை பிடித்ததிலேயே பெரிய மீன் தான்தான் என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டான்.

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை வந்தது. மூன்று மணி.

முருங்கை மரத்தில் சிட்டிபாபுவின் வலை மஞ்சள் துணிக்குள் இருந்தது. நீல டிரம் கவிழ்ந்து கிடந்தது. சிட்டிபாபு நெற்றியில் நாமத்தோடு கரையில் குத்த வைத்து உட்கார்ந்தான். தண்ணீருக்கும் அவன் காலுக்கும் நடுவில் ஒரு முழம் விட்டிருந்தான்.

"வலையத்தான் தொட மாட்டேன். வாயத் தொறக்கலாம்," என்றான்.

செல்லியம்மாள் பின்னால் நின்றாள். "பெருமாளு கேட்டா, வலை டீச்சருது, ஆளு சர்ச்சுக்குப் போற வேதக்கார ஆளு, நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடலாம்."

ஜெயசீலி சுடிதாரை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு இறங்கினாள். போன வாரம் மாலையில் பெய்த மழையில் ஆறு முழங்கால் வரை ஓடிக்கொண்டிருந்தது. எட்டு வருடத்தில் இந்தத் தண்ணீரில் அவள் கால் வைப்பது இந்த வருடம்தான். மீன் அவளுக்கு எப்போதும் தட்டில்தான் வந்தது.

முதல் வீச்சு விழுந்தது.

"துணி காயப்போட்றியா டீச்சர்?" என்றான் கரையிலிருந்து.

இரண்டாவதில் ஒரு செருப்பு. மூன்றாவதில் பாசி. ஆறாவது வீச்சில் வலை வட்டமாக விரிந்து விழுந்தது. கயிற்றில் உயிருள்ள ஏதோ ஒன்று உதறியது. இழுத்தாள். வலைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கெளுத்தி, மீசைகள் நான்கு பக்கமும் நீண்டு, நுனி தேயாமல்.

கையை நீட்டிப் பிடித்தாள். அடுத்த கணம் கட்டைவிரலில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது.

"முள்ளு," என்றான் சிட்டிபாபு, நிதானமாக. "ரெண்டு பக்கமும் கீது. உனக்குக் குடுக்கறப்ப ஒடச்சிட்டுக் குடுப்பேன்."

ஜெயசீலி விரலை வாயில் வைத்துக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். "முள்ளையும் ஒடச்சீங்களா? எல்லா மாசமும்?"

"படிக்கிற கை. குத்திக்கினா எப்டி எழுதுவ?"

எழுநூற்று இருபது மீன். எடையில் முள் எவ்வளவு இருக்கும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. எல்லா மாதமும் ஒரே மாதிரி ஒடித்திருந்தால் வடிவம் மாறாது. இன்றைய மீன்களுக்கும் நிறுக்கும் முன் ஒடித்துவிட வேண்டும். ஒரு வரி எழுத வேண்டும். இதையும் எழுத வேண்டும். வலித்த விரலோடு சிரித்துவிட்டாள்.

ஐந்தரை மணிக்குப் பதினொரு மீன். கரையில் தராசையும் அளவுப் பலகையையும் வைத்து, முள்ளை ஒடித்து, ஒவ்வொன்றாக நிறுத்தாள். ஒன்றை அறுத்தாள். வயிறு திறந்ததும் முட்டை தானாக வெளியே தள்ளியது. மஞ்சள் மணிகளாக, இரண்டு பைகள், உடம்பின் எடையில் ஏழில் ஒரு பங்கு இருக்கும். இரைப்பை ஏறத்தாழக் காலி. இரண்டு புழு, கொஞ்சம் சேறு. இந்த மீன் கொழுத்திருக்கவில்லை. தின்றதையெல்லாம் முட்டைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் சதை மெலிந்து, வயிறு மட்டும் கனத்திருந்தது. டிரம்மில் இருந்த மீன்கள் தங்களுக்காக மட்டும் சாப்பிட்டிருந்தன. மழை வரும் என்ற நம்பிக்கை அவற்றுக்கு இருந்திருக்காது.

கைப்பேசி அடித்தது. திரிபுரசுந்தரி.

"தளிகை முடிஞ்சுது. நம்பர் என்ன?"

"பதினோரு மீன்தான் மேடம். 1.03."

அந்தப் பக்கம் எதிலோ குறித்துக்கொள்கிற சத்தம். "1.12 இல்லை."

"இல்லை மேடம்."

"முட்டை?"

"நிறைய."

"அப்போ அதை எழுதுவோம்," என்றார் திரிபுரசுந்தரி. பிறகு, "முப்பது வேணும் ஜெயசீலி. பதினொண்ணை வெச்சுண்டு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"தெரியும் மேடம்."

செல்லியம்மாள் ஒரு தொன்னையைக் கொண்டுவந்து நீட்டினாள். புளியோதரை. மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அதன் வாசனை வந்த பிறகுதான் ஜெயசீலிக்குத் தெரிந்தது. நின்றபடியே தின்றாள். கட்டைவிரல் தக்காளிப் பழம் மாதிரி வீங்கியிருந்ததால் நான்கு விரலால். வறுத்த கடலைப்பருப்பு பல்லில் நொறுங்கியது. கூடவே கடுகு.

"தொன்னைய இப்டிக் குடு," என்றாள் செல்லியம்மாள். "தண்ணில போட்ராத. அப்றம் அதுக்கும் எதுனா எழுதுவ."

வெயில் தாழ்ந்து ஆற்றின் மேல் பரவியது. தூரத்தில் முடிச்சூர் சாலையில் ஹாரன் சத்தம். எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது.

"அந்த நேரம் வந்துடிச்சி டீச்சர்," என்றான் சிட்டிபாபு, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தபடியே. "இருட்டறதுக்கு முன்னாடி மேய வரும். அந்தக் கல்லாண்ட வீசு. வாட்டமா."

இன்னும் பத்தொன்பது. ஜெயசீலி வலையை உதறி, முழங்கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, மறுபடி இறங்கினாள்.